அன்னதானம் என்ற ஹாட்ஸ்பாட்

எங்கள் வீட்டு இன்டர்நெட் ஏழு மாதம் என் சட்டைப்பையில் குடியிருந்தது.

ஜோகுபாளையத்தில் எங்கள் தெருவைக் குடிநீர்க் குழாய்க்காக ஒருமுறை தோண்டினார்கள். சாக்கடைக்காக ஒருமுறை தோண்டினார்கள். இரண்டு முறையும் எதையோ உள்ளே மறந்து வைத்துவிட்டவர்கள்போல மூன்றாம் முறையும் தோண்டினார்கள். அதில் எங்கள் வீட்டுக்கு வந்த கேபிள் அறுந்தது. சரிசெய்ய வந்த ஆள் குழியை எட்டிப் பார்த்துவிட்டு, "ரோடு மூடினதும் போன் பண்ணுங்க சார்" என்று போய்விட்டார். ரோடு மூடுகிற வழியாக இல்லை. "அதுவரைக்கும் டெம்பரவரியா என் போன்லேர்ந்து ஹாட்ஸ்பாட் போட்டுக்கலாம்" என்றேன் மனைவியிடம். டெம்பரவரி என்று ஆரம்பித்த எது இந்த ஊரில் சீக்கிரம் முடிந்திருக்கிறது?

ஹாட்ஸ்பாட்டுக்கு ஒரு பெயர் வைக்கச் சொல்லி போன் கேட்டது. அன்னதானம் என்று வைத்தேன். வைத்துவிட்டு நானே சிரித்தேன். மனைவி சிரிக்கவில்லை. "பாஸ்வேர்டு கேக்கற அன்னதானம் எந்தக் கோயில்ல போடறாங்க?" என்று மட்டும் கேட்டாள். அவளுடைய போன் என் திரையில் தெரிவதற்கு ஒரு பெயர் வேண்டுமே, அதற்கு ஆடிட்டர் என்று வைத்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

அவள் போனில் பேசுவதற்கு மட்டுமான ரீசார்ஜ். "வீட்டுக்கு ஒரு டேட்டா போதும். கிணறு ஒண்ணு, ஆளுக்கொரு வாளி" என்று நான்தான் பெரிய மனிதன்போலச் சொல்லியிருந்தேன். விளைவு, கிணறு என்னோடு நடந்து போக ஆரம்பித்தது. நான் தெருமுனைக்குக் கருவேப்பிலை வாங்கப் போனால் வீட்டு இன்டர்நெட்டும் செருப்பு மாட்டிக்கொண்டு கூடவே கிளம்பிவிடும். சீரியலில் மாமியார் வாயைத் திறந்தபடி உறைந்துபோய், நான் திரும்பி வரும்வரை மூடாமல் நிற்பார். காலையில் நான் வேலைக்குப் போனதும் மனைவியின் போன் வெறும் டெலிபோன். பகலெல்லாம் அவளுக்கு வரும் வாட்ஸ்அப் செய்திகள் எங்கேயோ வரிசையில் காத்து நிற்கும். சாயங்காலம் நான் மாடிப்படி ஏறும்போது மொத்தமாக வந்து இறங்கும். டிங் டிங் டிங் டிங். பூனேயில் வேலை பார்க்கும் மகளுடைய காலை வணக்கம் இரவு ஏழு மணிக்கு வந்து சேரும். நான் காலிங் பெல்லைத் தொடுவதற்கு முன்பே கதவு திறக்கும்.

"போன் சொல்லிடுச்சு" என்பாள்.

எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. ராஜா வரும்போது முரசு அடிப்பார்களே, அந்த மாதிரி.

யாரும் இணையாவிட்டால் தானே அணைந்துகொள்ளும் வசதி ஒன்று என் போனில் உண்டு. அதை எடுத்துவிட்டவனும் நான்தான். அணைந்து அணைந்து போனால் "நெட்டு போச்சுங்க" என்று சமையலறையிலிருந்து குரல் வந்துகொண்டே இருக்கும். அது பாட்டுக்கு எரியட்டும் என்று விட்டுவிட்டேன். ஆகவே நான் போகுமிடமெல்லாம் அன்னதானமும் வந்தது. இது முக்கியம்.

இந்த ஏழு மாதத்தின் நடுவில்தான் எனக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி காகிதத்தைப் பார்த்தார். "மூணு மாசம் டைம் தரேன். அடுத்த டெஸ்ட்ல சராசரி இறங்கலைன்னா இன்சுலின். தினமும் வயித்துல ஊசி, நீங்களே போட்டுக்கணும்."

நான் உடனே, "அப்போ வீட்ல எறும்புப் பவுடர் செலவு ஜாஸ்தி ஆகுமா டாக்டர்?" என்று கேட்டேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. பக்கத்தில் மனைவியும் சிரிக்கவில்லை. உண்மையில் எனக்கும் சிரிப்பு வரவில்லை. ஊசி என்றால் எனக்கு மயக்கம்தான் வரும். தடுப்பூசி போட்டார்களே, அப்போது எங்கள் வரிசையில் பெஞ்சில் படுக்கவைத்து விசிறப்பட்டவன் நான் ஒருவன்தான். விசிறியவர் எண்பது வயதுப் பெரியவர். அவர் ஏற்கெனவே ஊசி போட்டுக்கொண்டு பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்.

என் தொழிலையும் சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலைகளுக்கு எடை இயந்திரம் விற்கும் கம்பெனியில் இருக்கிறேன். ஊரின் மறுகோடியில் இருக்கும் பீன்யா தொழிற்பேட்டையில் எந்தப் பட்டறையில் எந்தத் தராசு எத்தனை கிராம் பொய் சொல்கிறது என்று நான் சொல்லிவிடுவேன். என்னை எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறும்போது மட்டும் ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொள்வேன்.

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்றே மனைவி சர்க்கரை டப்பாவையும் வெல்லத்தையும் கீழ்வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். காப்பிக்கு மூன்று கரண்டி சர்க்கரை போட்டுக்கொள்கிறவள் அவள். மறுநாள் காலை சர்க்கரை இல்லாத காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு எனக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"நீங்க விட்டீங்க, நானும் விட்டேன். நீங்க என்னைக்குத் தொடறீங்களோ அன்னைக்குத்தான் நானும் தொடுவேன்."

ஒரு வாய் குடித்தாள். முகம் போன போக்கை நான் இன்னும் மறக்கவில்லை. அந்த வருடம் யுகாதிக்கு வீட்டில் ஒப்பட்டு செய்யவில்லை. எங்கள் தெருவில் அவள் கை ஒப்பட்டுக்குத் தனிப்பெயர் உண்டு. போளி என்று சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. "போளி உங்க சென்னைக்காரங்களுக்கு. இது ஒப்பட்டு" என்பாள்.

ஆக, மூன்று மாதம். அதில் மாட்டிக்கொண்டவை இரண்டு: என் தொப்பை, அவள் காப்பி.

முதல் மாதம் நான் துறவி. இரண்டாவது மாதத்தில் புதன்கிழமை வந்தது.

புதன்தோறும் காலையில் தொம்மலூரில் எங்கள் ஆபீசில் கூட்டம். பதினொன்றேகாலுக்கு முடியும். பிறகு நான் பீன்யாவுக்குக் கிளம்ப வேண்டும். கண்ணாடிக் கட்டடங்களுக்குப் பின்னால் தொம்மலூரின் பழைய சந்துகள் அப்படியே இருக்கின்றன. அதில் ஒன்றில் நடந்தால் பஸ் நிறுத்தம் பக்கம். அந்தச் சந்தில் ஒரு புதுக் கடையிலிருந்து நெய்யும் ஏலக்காயும் கைகோத்துக்கொண்டு வந்து என் காலரைப் பிடித்தன. ஒப்பட்டுக் கடை.

"பன்னி சார், குத்கொள்ளி" என்றார் கடைக்காரர். வாங்க, உட்காருங்க என்கிறார். கன்னடக்காரர், என் முகத்தைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார். "சூடா இருக்கு சார். ஒண்ணு போடட்டுமா?"

ஜோகுபாளையத்துக் கண் எதுவும் படாதபடி உள்ளே கடைசி பெஞ்சில், சுவரை ஒட்டி உட்கார்ந்தேன். அந்தச் சுவரில் ஒரு சின்னத் திறப்பு, அதற்கு ஒரு துணித் திரை. திரைக்கு அந்தப் பக்கம் சமையலறை போலிருக்கிறது. பூரண உருண்டைகள் தட்டில் திரை வழியாக வரும், இவர் வாங்கி மாவில் பொதிந்து தட்டி முன்னால் கல்லில் போடுவார். முதல் வாய் வைத்ததும் கண் மூடிக்கொண்டது. அசல் வீட்டு ஒப்பட்டு.

"பூரணம் பண்றவங்க கைக்குத் தங்க வளையல் போடணும்" என்றேன்.

"சொல்லிடறேன் சார்" என்றார்.

கடைக்குள் நுழையும் முன்பே சந்தில் நின்று மனைவிக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தேன்: "பீன்யா வந்துட்டேன். உள்ளே சிக்னல் இருக்காது." ஒற்றை டிக் விழுந்தது. அவள் போன் வீட்டில் ஊமையாகக் கிடக்கும். சாயங்காலம்தான் போய்ச் சேரும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பொய்யை நேரத்தோடு பதிவுசெய்து வைப்பது நல்லது பாருங்கள்.

அடுத்த புதன் இரண்டு. அதற்கடுத்த புதன் மூன்று.

நான்காவது ஒப்பட்டுப் புதனில் ஏதோ சரியில்லை. ஏலக்காய் இருந்தது, தேங்காய் இருந்தது, இனிப்பு மட்டும் எங்கேயோ லீவில் போயிருந்தது. "வெல்லம் கம்மியா இருக்கே" என்றேன்.

"வெல்லம் ரேட்டு ஜாஸ்தி சார்."

பக்கத்து பெஞ்சில் ஒருவர் இலையை வழித்து நக்கிக்கொண்டிருந்தார். ரேட்டு அவருக்கு மட்டும் இறங்கிவிட்டதா? "இன்னொண்ணு போடுங்க" என்றேன்.

"காலி சார்."

"தட்டுல மூணு உருண்டை தெரியுதே."

"அது ஆர்டர் சார்."

அதற்கு அடுத்த வாரமும் அதேதான். ஒன்று, அதிலும் இனிப்பு பெயருக்கு; கேட்டால் காலி. எனக்குக் கடைக்காரர்மேல் பலமான சந்தேகம் விழுந்தது. வாடிக்கை ஆகிவிட்டான், இனி எதைப் போட்டாலும் தின்பான் என்று முடிவுகட்டிவிட்டார். நான் கிராம் கணக்கில் தராசுகளைப் பிடிக்கிறவன், என்னிடமேவா?

வீட்டிலும் புதன்கிழமைகளில் விநோதங்கள் நடந்தன. மற்ற நாளெல்லாம் ராத்திரி இரண்டு சப்பாத்தி. புதன் மட்டும் கோசம்பரி. ஊறவைத்த பயத்தம்பருப்பில் வெள்ளரிக்காயைத் துருவிப் போட்டுக் கிண்ணத்தில் வைத்து, "இதான்" என்பாள். அதோடு, புதன் சாயங்காலம் பார்த்து வீட்டில் ஏதாவது தீர்ந்துபோகும். கடுகு, இல்லாவிட்டால் பெருங்காயம். அதுவும் அல்சூர் ஏரிக்கு அந்தப் பக்கத்துக் கடையில்தான் நல்லதாம். "நடந்தே போய்ட்டு வாங்க." நான் போனால் சீரியல் நின்றுவிடுமே என்றால், "நின்னா நிக்கட்டும்" என்பாள். சீரியலையே விட்டுக்கொடுக்கிறாள் என்றால் என்ன அர்த்தம்? ஏதோ வீடியோவில் பார்த்துவிட்டு என்மேல் சோதனை செய்கிறாள் என்று அவள்மேலும் ஒரு சந்தேகத்தைப் போட்டு வைத்தேன்.

சந்தேகங்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்க மூளை வேண்டும். எனக்குச் சந்தேகம் மட்டும்தான் வாய்த்திருந்தது.

டாக்டரம்மா கொடுத்த மூன்று மாதத்தில் பத்தாவது வாரப் புதன்கிழமை, ஒப்பட்டு கல்லில் இருக்கும்போது மேனேஜர் கூப்பிட்டு ஒரு மெயில் உடனே வேண்டும் என்றார். பெஞ்சிலேயே லேப்டாப்பைத் திறந்தேன். அது அன்னதானத்தில் சேர்ந்ததா என்று பார்க்க முதல்முறையாக அந்தக் கடையில் போன் திரையைப் பார்த்தேன்.

இணைந்த கருவிகள்: 2.

ஒன்று என் லேப்டாப். இன்னொன்று ஆடிட்டர்.

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. ஹாட்ஸ்பாட் என்ன, மிஞ்சிப்போனால் முப்பது அடி எட்டும். அந்த முப்பது அடிக்குள் என் மனைவி இருக்கிறாள். வாட்ஸ்அப்பைத் திறந்தேன். "பீன்யா வந்துட்டேன்" என்ற செய்திக்குப் பக்கத்தில் இரண்டு டிக். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டும் நீலமாயின.

நான் மேஜைக்குக் கீழே இறங்கினேன். ஐம்பத்திரண்டு வயதில் மேஜைக்குக் கீழே போவது சுலபம்; வெளியே வருவதுதான் கஷ்டம்.

"என்ன சார், ஏனாத்ரூ பித்தா?" கடைக்காரர் குனிந்து பார்த்தார். ஏதாவது விழுந்ததா என்று கேட்கிறார்.

"பேனா."

"பேனா ஜோபில இருக்கு சார்."

ஹாட்ஸ்பாட்டை அணைத்தேன். அணைத்த பிறகுதான் யோசித்தேன்: அவள் போனில் இப்போது நெட் போயிருக்கும். ஓடுகிற திருடன் விளக்கையும் அணைத்துவிட்டு ஓடினால் அது வாக்குமூலம் இல்லையா? மறுபடி போட்டேன். அதுவும் தப்பு என்று தோன்ற, மறுபடி அணைத்தேன். கடைசியில் பையால் முகத்தை மறைத்துக்கொண்டு வெளியே வந்து சந்தின் இரண்டு பக்கமும் பார்த்தேன். மனைவி இல்லை. இடதுபுறம் ஒரு ஜெராக்ஸ் கடை. மாடியில் ஒரு போர்டு. இத்தனை வாரம் அதன் கீழேயே நடந்து போயிருக்கிறேன், படித்ததில்லை. ரத்தப் பரிசோதனை நிலையம்.

அதுவரை எனக்கிருந்த சந்தேகம் என்னைப் பற்றியது: பின்தொடர்ந்து வந்திருக்கிறாள், நான் மாட்டினேன். போர்டைப் படித்ததும் அது தலைகீழாகத் திரும்பிவிட்டது. அவள் எதற்கு ரகசியமாக ரத்தம் கொடுக்க வருகிறாள்?

அன்று சாயங்காலம்தான், புதன்கிழமைகளில் படியேறும்போது டிங் டிங் கேட்பதில்லை என்பதைக் கவனித்தேன். வரிசையில் காத்திருந்த செய்தியெல்லாம்தான் பகலிலேயே வந்துவிட்டதே.

"இன்னைக்கு எங்கயாவது போனியா?" என்றேன் சாதாரணமாக.

"நான் எங்க போறது. நீங்க?"

"பீன்யா. மெசேஜ் போட்டேனே."

"பாத்தேன்."

"எப்ப பாத்தே?"

"வந்தப்ப."

"யாரு வந்தப்ப?"

"மெசேஜ் வந்தப்பங்க. ஏன் வேர்க்குது உங்களுக்கு? பீன்யால மழையா?"

"சொல்ப தூறல்."

"ஓ. இங்க நல்ல வெயில்."

"பீன்யா தூரமில்லையா."

"ஆமா" என்றாள் கோசம்பரிக் கிண்ணத்தை வைத்தபடி. "ரொம்ப தூரம்."

அவள் முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். பஞ்சு இல்லை. மணிக்கட்டில் சிவப்பாக ஒரு சூட்டுத் தழும்பு. "குக்கர்" என்றாள் நான் கேட்காமலேயே. கேட்காத கேள்விக்கு வந்த பதில். அவளுக்கு ஏதாவது என்றால் என்னிடம் சொல்லமாட்டாள். சொன்னால் நான் என்ன செய்வேன் என்று அவளுக்குத் தெரியும்: எறும்புப் பவுடர் மாதிரி எதையாவது சொல்வேன். இருபத்தைந்து வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

அடுத்த புதன்கிழமை கூட்டத்தில் வயிற்றுவலி என்று சொல்லி அரைமணி முன்னதாகவே கிளம்பினேன். போகும்போதே ஹாட்ஸ்பாட்டை அணைத்து வைத்துக்கொண்டேன். திட்டம் எளிது. ஒவ்வொரு இடமாக நின்று போட்டுப் பார்ப்பது. ஆடிட்டர் எங்கே வந்து இணைகிறாரோ அங்கே என் மனைவி இருக்கிறாள். மோப்ப நாய் வைத்திருக்கும் போலீஸ்காரனின் தோரணை எனக்கு வந்துவிட்டது.

முதலில் மாடி. பரிசோதனை நிலையத்தின் வாசலில் நின்று போட்டேன். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். கருவி ஒன்றுமில்லை. கவுண்டரில் இருந்த பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஃபாஸ்டிங்கா, சாப்ட்டு வந்தீங்களா சார்?"

"இன்னும் சாப்பிடல. கீழதான் சாப்பிடணும்" என்று உளறிவிட்டு, அவள் ஊசியை எடுப்பதற்குள் இறங்கிவிட்டேன். பாதிப் படியில் நின்று மூச்சு விட்டேன். இங்கே இல்லை. அதுவே பெரிய நிம்மதி.

ஜெராக்ஸ் கடை. இல்லை. பிறகு கட்டடத்தைச் சுற்றிப் பின்சந்துக்குப் போனேன். போனைக் கையில் நீட்டிப் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் அடியாக நகர்ந்ததில் அங்கிருந்த அபார்ட்மென்ட் வாட்ச்மேன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"யார் வேணும்? என்னத்த வீடியோ எடுக்கறீங்க?"

"வீடியோ இல்லப்பா. சிக்னல் தேடறேன்."

"இங்க எல்லாருக்கும் ஃபுல் சிக்னல் வருதே. உங்களுக்கு மட்டும் வராதா?"

சந்தேகப்படத் தெரிந்த மனிதர். அவரிடம் நான் பாடம் படித்திருக்க வேண்டும். நான் அசட்டுச் சிரிப்போடு இரண்டடி தள்ளி, ஒப்பட்டுக் கடையின் பின்புறச் சுவரோரம் வந்தேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு சமையல்கட்டு, கம்பி போட்ட ஜன்னல், உள்ளேயிருந்து வெல்லப்பாகின் வாசனை. ஹாட்ஸ்பாட்டைப் போட்டேன்.

ஜன்னலுக்கு உள்ளே, என் காதிலிருந்து நான்கடி தூரத்தில்: டிங் டிங் டிங் டிங் டிங்.

"அக்கா, உங்க போனு!" என்றது ஒரு பெண் குரல்.

"வந்துட்டாரு." இது என் மனைவி. "அந்தக் கோடு போட்ட தட்டை எடு. அதான் அவருது."

நான் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டேன்.

"இன்னைக்குச் சீக்கிரம் வந்துட்டாரேக்கா."

"பசிச்சிருக்கும்."

"இதுல வெல்லமே போடலியே. கண்டுபுடிக்க மாட்டாரா?"

"ஏலக்காய் போட்டிருக்கேன், தேங்காய் போட்டிருக்கேன், பேருக்கு ஒரு பேரீச்சம்பழம். மூணு வாரமா கடைக்கார அண்ணாவைத்தான் திட்டறாராம்."

அந்தப் பெண் சிரித்தாள். "பேசாம கையும் களவுமா புடிச்சிடுங்கக்கா. எத்தனை நாளைக்கு இப்படித் தட்டு மாத்தறது?"

"புடிச்சா அடுத்த வாரம் வேற கடைக்குப் போவாரு. அங்க நான் இருப்பேனா?"

உள்ளே கரண்டி பாத்திரத்தில் உரசும் சத்தம். பிறகு அந்தப் பெண்: "நீங்க இங்க வேலைக்கு வரதையாவது சொல்லியிருக்கலாம்ல?"

"வீட்ல பாகு காச்சினா அந்த வாசனைக்கே அவருக்கு நாக்கு ஏங்கும். அதான் வெளில வந்து காச்சறேன். இதைச் சொன்னா நாலு ஜோக் அடிச்சிட்டு, வரும்போது ரெண்டு கட்டிட்டு வான்னுவாரு." திரையை விலக்கிய ஓசை. "அண்ணா, அவருக்கு ஒண்ணுதான். ரெண்டாவது கேட்டா?"

"காலி" என்று முன்கடையிலிருந்து கடைக்காரர் பதில் சொன்னது எனக்கே கேட்டது. "ஆனா, சார் வரலியே ம்மா. பெஞ்சு காலி இருக்கு."

"வரலையா? அப்ப போன் எப்படி அடிச்சுது? எங்கயோ பக்கத்துலதான்…"

ஜன்னலை நோக்கிக் காலடி வந்தது. நான் ஓடினேன். வாட்ச்மேன் "ஏ, ஏ, சார்!" என்று கூவினார். நான் நிற்கவில்லை. கட்டடத்தைச் சுற்றி வந்து, கடைக்குள் புகுந்து, கடைசி பெஞ்சில் விழுந்தேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன சார், ஓடி வந்தீங்களா?"

"வாக்கிங்" என்றேன் மூச்சிரைக்க. "டாக்டர் சொன்னாங்க."

திரை லேசாக அசைந்தது. கோடு போட்ட தட்டு வந்தது. அதில் ஒரு உருண்டை. அவர் பொதிந்து, தட்டி, கல்லில் போட்டு, நெய் விட்டு எடுத்து வந்து வைத்தார். நான் சாப்பிட்டேன். முழுவதையும், மெதுவாக. மோப்ப நாய் வைத்திருக்கிறேன் என்று திரிந்தவன், ஒவ்வொரு வாரமும் தன் கழுத்து மணியைத் தானே ஆட்டிக்கொண்டு பால் குடிக்க வந்த பூனை. சும்மா இருக்காமல் கேட்டும் பார்த்தேன். "இன்னொண்ணு?"

"காலி சார்" என்றார். அவர் முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. எங்கள் கம்பெனியில் சேர்ந்தால் நல்ல விற்பனையாளராக வந்திருப்பார்.

வீட்டில் நான் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. எனக்கு எதையும் ஜோக்காக இல்லாமல் சொல்லத் தெரியாது; இதை ஜோக்காகச் சொல்ல முடியவில்லை. அவளும் பேசவில்லை. என்மேல் சந்தேகம் இருந்ததா என்றும் தெரியவில்லை. ஒருமுறை மட்டும், "தொம்மலூர்ல திருட்டுப்பய நடமாட்டமாம்" என்றாள் பொதுவாக, கூடத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டு. "பின்சந்துல போனை நீட்டிட்டு சுத்தறானாம். ஐம்பது வயசு இருக்குமாம். தொப்பையாம்."

"காலம் கெட்டுக் கிடக்கு" என்றேன்.

இரண்டு வாரம் கழித்து டெஸ்ட். ஊசியைப் பார்க்காமல் இருக்க மனைவியின் மணிக்கட்டுத் தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"நல்லா இறங்கியிருக்கே! இன்சுலின் வேண்டாம். என்ன பண்ணீங்க?"

"கட்டுப்பாடு டாக்டர்" என்றேன்.

பக்கத்தில் மனைவிக்குத் திடீரென்று இருமல் வந்தது. தண்ணீர் கொடுத்தார்கள்.

"இப்படியே கன்டின்யூ பண்ணுங்க."

"பண்ண வெக்கிறேன் டாக்டர்" என்றாள்.

வீட்டுக்கு வந்து காப்பி போட்டாள். அவளுடைய தம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். சர்க்கரை இல்லை. நான் தொட்டால் அன்றைக்குத் தானும் தொடுவேன் என்றவள். நான் தொட்டது தெரிந்தும் இத்தனை வாரம் கசப்பாகவே குடித்துக்கொண்டிருக்கிறாள். ஊசி தப்பியது எனக்கு, தண்டனை அவளுக்கு. எதையாவது கொடுத்துச் சரிக்கட்ட வேண்டும்போல இருந்தது.

"உன் போனுக்கும் தனியா டேட்டா போட்டுடறேன்" என்றேன். "எதுக்கு நீ என்னையே நம்பிட்டு இருக்கணும்?"

"அதெல்லாம் வேண்டாம்" என்றாள் சட்டென்று. "எனக்கு அன்னதானமே போதும்."

வேறு யாராவது கேட்டிருந்தால் என்ன சிக்கனமான பெண் என்று நினைத்திருப்பார்கள்.

அடுத்த புதன்கிழமை தொம்மலூரில் அதே கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். ஹாட்ஸ்பாட் எரிந்துகொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் டிங் டிங் டிங் என்று முரசு அடித்து ஓய்ந்தது. நான் போனை எடுத்து, "பீன்யா வந்துட்டேன்" என்று பழக்கத்தில் தட்டினேன். அழித்தேன். வேறு எழுதினேன்.

"பீன்யாவில் இல்லை. சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கிறேன். நான் இனிப்பைத் தொட்டுவிட்டேன், ரொம்ப நாளாயிற்று. நீயும் காப்பியில் சர்க்கரை போட்டுக்கொள்."

இரண்டு டிக். உடனே நீலம். சுவருக்குப் பின்னால் கரண்டிச் சத்தம் நின்றது. அவள் தட்டச்சு செய்கிறாள் என்று காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது. கடைக்காரர் கல்லுக்கு முன்னால் எதுவும் தெரியாதவர்போல நெய்யைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பதில் வந்தது.

"முதல் மூணு வாரம் தொட்டீங்க, போன் அடிக்கறது உங்களாலன்னு புரிய எனக்கு அவ்வளவு நாளாச்சு. அதுக்கு நானும் மூணு வாரம் இங்கயே சக்கரை போட்டுக் குடிச்சிட்டேன், கணக்கு சரி. அப்புறம் நீங்க இனிப்பைத் தொடவே இல்ல, உங்களுக்குத்தான் தெரியாது. ஒண்ணு வரும், சாப்ட்டு கிளம்புங்க. பீன்யா ரொம்ப தூரம்."

திரை விலகி, கோடு போட்ட தட்டு வெளியே வந்தது. இந்தமுறை அதைப் பிடித்திருந்த கையும் தெரிந்தது.